மாட்டுக்கொட்டகையில் மணல் ஈ: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணல் ஈ பற்றிச் சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மணல் ஈ கடித்தால் காலா அசார் (விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, மண்ணீரல் வீங்கி, ஆளை மெலிய வைக்கும் நோய்) வரும் என்று போட்டிருந்தீர்கள், அது சரி. பக்கத்தில் இருந்தது கொசுவின் படம், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் கடைசிப் பத்தியில், சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், தொட்டியை மூடி வையுங்கள், மணல் ஈ வராது என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அது டெங்குக் கொசுவுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை. மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதே இல்லை. ஊரில் உள்ள அத்தனை தொட்டியையும் மூடி வைத்தாலும் ஒரு மணல் ஈ கூடக் குறையாது.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள், இப்போது பள்ளியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். முதுகலை படித்தபோது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்த ஈயைத்தான். கையில் இருந்தது ஒரு டார்ச் லைட், ஒரு உறிஞ்சு குழாய், கொஞ்சம் எண்ணெய்த் தாள், கல்லூரி மைக்ராஸ்கோப். இடம், எங்கள் அப்பத்தா வீட்டு மாட்டுக்கொட்டகை.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருந்து, அடுப்படியைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டினால் பின்தெரு வாசலை ஒட்டிக் கொட்டகை. முன்கட்டுச் சுவரெல்லாம் சுண்ணாம்பை அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது, கை வைத்தால் வழுக்கும், அதில் எறும்பு ஒளியக்கூட இடம் கிடையாது. கொட்டகைக்கு யார் அப்படிப் பூசுவார்கள்? மண் சுவர், அடியில் எப்போதும் மூத்திர ஈரம், மூலையில் சாணமும் வைக்கோல் கூளமும் மக்கிக் கிடக்கும், சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மணல் ஈக்கு வேண்டியது இவ்வளவுதான். இருட்டாக, ஈரமாக, மக்கிய மண்ணாக இருக்கிற இடத்தில் பெண் ஈ முட்டையிடும், அதிலிருந்து வருகிற நூல் போன்ற புழு அந்த மக்கலையே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வர ஒரு மாதம் போல ஆகும். கொசுப்புழு என்றால் வாளியில் நெளிவது கண்ணுக்குத் தெரியும், கவிழ்த்துக் கொட்டிவிடலாம். இந்தப் புழுவை மண்ணுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது இதையே தொழிலாக வைத்திருக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கே பெரும்பாடு. மணல் ஈ என்று பேர் இருப்பதால் கடற்கரையில் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேர் வந்தது அதன் மணல் நிறத்தால்.

விடிகாலை நாலரை மணிக்கு, மாடு எழுவதற்கு முன் போய் நிற்பேன். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, சுவரோடு சுவராகச் சாய்த்து அடிக்க வேண்டும், அப்போதுதான் அதன் நிழல் நீளமாக விழுந்து காட்டிக்கொடுக்கும். எள்ளளவுதான் இருக்கும். உடம்பு முழுக்க மயிர். கொசு உட்கார்ந்தால் இறக்கையை முதுகில் மடக்கிக்கொள்ளும், மணல் ஈ இரண்டு இறக்கையையும் மேலே தூக்கி விரித்தபடியே உட்காரும். கிட்டே போனால் பறந்து ஓடாது, தத்தித் தத்தி ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி உட்காரும். கண்ணாடிக் குழாயை மெதுவாக அதன் மேல் கொண்டுபோய், ரப்பர் ட்யூபின் மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழுப்பு. ஈ வாய்க்குள் போய்விடாமல் நடுவில் வலைத்துணி கட்டியிருக்கும்.

முதல் நாள் அப்பத்தா பால் செம்போடு வந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, விடியாத நேரத்துல சுவத்த மோந்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். குழாயைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுவா? பால் கறக்கையில முழங்காலுக்குக் கீழ சுருக்குன்னு கடிக்குமே, சத்தமே போடாதே, இதுக்கு ஒரு படிப்பா?" என்றார். புத்தகத்தில் நான் நாலு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அப்பத்தா ஒரே வரியில் சொன்னார். ரீங்காரம் கிடையாது, பெரும்பாலும் தாழ்வாகக் கடிக்கும், அந்தி சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். கடிப்பது பெண் ஈ மட்டும்தான். கொசு மாதிரி ஊசி இறக்கி உறிஞ்சாது, தோலைக் கிழித்து அதில் ஊறும் ரத்தத்தை நக்கிக் குடிக்கும், அதனால்தான் அந்தச் சுருக்.

எண்ணெய்த் தாள் என்றது விளக்கெண்ணெய் தடவிய வெள்ளைத் தாள். உலகம் முழுக்க மணல் ஈ பிடிக்கிறவர்கள் இதைத்தான் மாட்டுகிறார்கள். அப்பத்தா வீட்டில் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ராத்திரி வெடிப்புகளுக்குப் பக்கத்தில் செருகி வைத்தால் காலையில் ஒட்டிக் கிடக்கும், தூரிகையால் எடுத்துக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் தொண்டைக்குள் இருக்கும் பல் வரிசையையும் வயிற்றுக்குள் விந்துப் பையின் வடிவத்தையும் வைத்துத்தான் இது எந்த இனம் என்று சொல்ல முடியும். வெறுங்கண்ணால் முடியாது. எனக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை செர்ஜென்டோமியா. அது பல்லி, ஓணான் ரத்தம் குடிக்கிற வகை, பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளில் பல்லிக்கா குறை? ஆனால் கொட்டகைத் தாள்களில் இன்னொன்றும் இருந்தது, ஃப்ளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ். அர்ஜென்டிபெஸ் என்றால் வெள்ளிக்கால் என்று அர்த்தம். இந்தியாவில் காலா அசாரைப் பரப்புவது இந்த வெள்ளிக்கால் ஈதான். பீகாரில் பரப்புகிற அதே பேருடைய ஈ, எங்கள் கொட்டகையில். அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஈ இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது, ஈக்குள் லீஷ்மேனியா ஒட்டுண்ணி இருக்க வேண்டும், அது நோயுள்ள ஒரு மனிதரைக் கடித்துத்தான் ஈக்குள் போக வேண்டும். மாட்டிடமிருந்து வருவதில்லை.

இந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்த கதையில் பாதி சென்னையில் நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1903ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரியில் ஒட்டுண்ணியின் சிறு உருண்டைகளைப் பார்த்தார். அதே வருடம் சில வாரம் முன்னால், கல்கத்தா பக்கம் டம்டமில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்டதை லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவர் எழுதியிருந்தார். யார் முதல் என்ற சண்டைக்கு இடமில்லாமல், மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனோவானி என்று வைத்துவிட்டார். சரி, ஒட்டுண்ணி கிடைத்துவிட்டது, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? இதற்குப் பதில் கிடைக்க 1942 வரை ஆனது. ஏறக்குறைய நாற்பது வருடம்!

அந்த நாற்பது வருடத்தை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். முதலில் மூட்டைப்பூச்சி மேல் சந்தேகம். சென்னையில் பேட்டன் என்கிற ஆராய்ச்சியாளர் மூட்டைப்பூச்சியை வைத்துத்தான் வருடக்கணக்கில் பாடுபட்டார். அப்புறம் 1920களில் சின்டன் என்ற ராணுவ மருத்துவர், காலா அசார் இருக்கிற ஊர்களின் வரைபடத்தையும் வெள்ளிக்கால் ஈ இருக்கிற ஊர்களின் வரைபடத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகிறதே என்றார். 1924ல் கல்கத்தாவில் அந்த ஈயின் குடலில் ஒட்டுண்ணி வளர்வதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் கடிக்கவிட்டால் நோய் பரவ மாட்டேன் என்கிறது. எவ்வளவு முயன்றும் நடக்கவில்லை. ஈக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்து, மறுபடி ரத்தம் கொடுத்தால் பாதி செத்துப்போகும், உயிரோடு இருப்பதும் நோயைக் கொடுக்காது. முடிச்சை அவிழ்த்தது காய்ந்த திராட்சை. நாம் பாயசத்துக்குப் போடுகிற அதே திராட்சை. முதல் ரத்தத்துக்குப் பிறகு ஈக்குத் திராட்சைச் சாறு குடிக்கக் கொடுத்தால் ஒட்டுண்ணி குடலில் கிடுகிடுவென்று பெருகித் தொண்டையை அடைத்துவிடுகிறது, அடுத்த முறை கடிக்கும்போது ஈயால் விழுங்க முடியாமல் கக்கிவிடுகிறது, அதோடு ஒட்டுண்ணியும் உள்ளே போகிறது. காட்டில் செடிச்சாறு குடித்துத்தானே அந்த ஈ வாழ்கிறது, பரிசோதனைக் கூண்டில் அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்படி வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர்கள் மேல் கடிக்கவிட்டு, அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தது 1942ல். மனிதர்கள் மேல் அப்படி ஒரு சோதனையை இன்றைக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் அனுமதிக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயில் ஒவ்வொரு முறையும் மனிதன் ஈயைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் போனதால்தான் காலம் வீணானது. மலேரியா ஒழிப்புக்காக 1950களிலும் 60களிலும் வீடு வீடாக டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள், மணல் ஈயும் சேர்ந்து ஒடுங்கியது, காலா அசாரும் காணாமல் போனது. எங்கள் கொட்டகைக் கதவில்கூட மலேரியாக்காரர் தேதி எழுதிவிட்டுப் போவார் என்று அப்பத்தா சொல்வார். மருந்தடிப்பு நின்றது, 1977ல் பீகாரில் கொள்ளை நோயாகத் திரும்பி வந்தது. பிறகு பல வருடம் டிடிடியையே அடித்துக்கொண்டிருந்தார்கள், ஈ அதற்குப் பழகிவிட்டது என்று ஆய்வுகள் சொன்ன பிறகுதான் வேறு மருந்துக்கு மாறினார்கள். சுவரில் ஆறடி உயரம் அடித்தால் போதும் என்று கணக்கு, ஏனென்றால் மணல் ஈ உயரப் பறக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். பீகாரில் போய்ப் பொறி வைத்துப் பார்த்தால் பனை மர உச்சியிலும் அதே வெள்ளிக்கால் ஈ! மருந்து நனைத்த கொசுவலை கொடுத்தால் தீரும் என்றார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் ஊர் ஊராக வலை கொடுத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2010ல் வந்தது, நோய்த்தொற்று குறிப்பிடும்படி குறையவில்லை. மாடு வைத்திருந்தால் நல்லதா கெட்டதா என்பதில்கூட ஆய்வுகள் இரண்டு பக்கமும் சொல்கின்றன. மாடு இருந்தால் ஈ மனிதனை விட்டுவிட்டு மாட்டைக் கடிக்கும், ஆனால் அதே கொட்டகை ஈ பெருகவும் இடம் கொடுக்கும்.

இந்தியா 2010க்குள் இந்த நோயை ஒழிப்பதாகச் சொன்னது, அது 2015, 2017, 2020 என்று தள்ளிப்போனது. ஆனாலும் நடந்திருக்கிற வேலை சாதாரணமானதில்லை. 2011ல் நாட்டில் 33 ஆயிரம் பேருக்கு மேல் காலா அசார் வந்தது, 2022ல் அது ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பங்களாதேஷ் 2023லேயே ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஒழிப்பு என்றால் ஒருவருக்கும் வராது என்று பொருளில்லை, ஒவ்வொரு வட்டாரத்திலும் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வர வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது மனிதர்களிடம் இருந்த நோய். ஈ அங்கேயேதான் இருக்கிறது.

பீகார்க் கதை செட்டிநாட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள், ஓட்டல் ஆக்கப் போகிறார்களாம். பூச்சு வேலைக்கு வந்த பீகார்க்காரப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சல். ஒன்றரை மாதமாக விட்டு விட்டு வருகிறது. இருபத்திரண்டு வயசு இருக்கும், கழுத்தெலும்பு தெரிய மெலிந்துவிட்டான், வயிறு மட்டும் இடது பக்கம் கல் வைத்த மாதிரி புடைத்திருக்கிறது. டைபாய்டு பார்த்தாகிவிட்டது, மலேரியா பார்த்தாகிவிட்டது, ஊசியும் டானிக்கும் போட்டு அவன் கூலியெல்லாம் கரைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எந்த மாவட்டம் என்று கேட்டேன். முஸாஃபர்பூர் என்றான். காலாஜார் வந்திருக்குமோ என்று கேட்டதும் உடனே தலையை ஆட்டினான். அவனுடைய அண்ணனுக்குச் சின்ன வயதில் வந்ததாம், அவன் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை அது. ஒன்றரை மாதமாக எத்தனையோ பேர் அவன் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் சொன்னதற்கு, அந்த நோயெல்லாம் நம்ம பக்கம் இல்லை டீச்சர் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், பரிசோதனைப் பட்டை மேல் விட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும், ஆர்கே 39 என்று பேர். காலா அசார்தான் என்று தெரிந்துவிட்டது. ஆம்போடெரிசின் மருந்தைக் கொழுப்புத் துளிக்குள் அடைத்த ஊசி, சொட்டுச் சொட்டாக ஒரே தவணை. இப்போது சாரத்தில் ஏறிப் பூசிக்கொண்டிருக்கிறான். மருந்து கொடுக்காமல் விட்டால் இந்த நோய் வந்தவர்களில் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இதைப் படித்துவிட்டு வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்த்து யாரும் ஒதுங்கக் கூடாது, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே அறையில் படுத்தால் வராது. கடித்து மாதக்கணக்கில் ஆன பிறகுதான் காய்ச்சல் தொடங்கும் என்பதால் அவர்கள் ஊரில் கடித்தது இங்கே வந்து தெரிகிறது, அவர்கள் செய்த குற்றம் அதில் ஒன்றுமில்லை. குணமான சிலருக்கு ஆறு மாதமோ சில வருடமோ கழித்துத் தோலில் வெளிறிய தேமல் வரும், வலிக்காது, காய்ச்சல் இருக்காது, தொழுநோய் என்று தப்பாக நினைத்து மருந்து கொடுத்துவிடுவதும் உண்டு. அந்தத் தேமலிலிருந்தும் ஈ ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளும். அதனால் நல்ல வைத்தியம் அவர்களுக்குக் கிடைப்பதுதான் நமக்கும் பாதுகாப்பு.

தெற்கில் இந்த ஒட்டுண்ணியே கிடையாது என்றும் இப்போது சொல்ல முடியாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியமலைக் காட்டுக்குள் வாழும் காணி மக்களிடையே ஆறாத தோல் புண் வந்ததை ஆராய்ந்தபோது அது லீஷ்மேனியா என்று தெரிந்தது, அதுவும் டோனோவானி வகை. வெளியூரிலிருந்து கொண்டுவந்தது இல்லை, அங்கேயே கடித்தது. அந்த மலையின் இந்தப் பக்கம் நம்முடையது.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. டெங்குவுக்காக வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கிற பணியாளர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். வருடத்தில் சில முறை, மழைக்கு முன்னும் பின்னும், சிவகங்கை மாவட்டத்தில் பத்து இருபது கொட்டகையில் விளக்கெண்ணெய்த் தாள் மாட்டி, விழுந்த ஈயை எண்ணி, எந்த இனம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் தூரத்தில் இல்லை, புதுச்சேரியில் நோய்ப்பரப்பிப் பூச்சிகளுக்கென்றே ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு மையம் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மணல் ஈயைத் தேடித்தேடிப் பிடித்தவர்கள் அவர்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம் என்று யார் வந்தாலும் சொந்த ஊர் எது, கடைசியாக எப்போது போய் வந்தாய் என்று மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அந்தப் பரிசோதனைப் பட்டை மாவட்டத்தில் ஓர் இடத்திலாவது எப்போதும் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது என்றால், கொட்டகைச் சுவரின் வெடிப்பை அடைத்துப் பூசுங்கள், தரையைக் காய வையுங்கள், எருக்குழியைப் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், வெறுந்தரையில் படுக்காதீர்கள். சாதாரண கொசுவலையின் கண்ணில் இந்த ஈ நுழைந்துவிடும், நெருக்கமான கண் உள்ள வலை வேண்டும். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து காலில் தடவினால் மணல் ஈ கடிப்பது நன்றாகக் குறைகிறது என்று நம் நாட்டு ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். அப்பத்தா கறக்க உட்காருவதற்கு முன் அதைத்தான் தடவுவார்.

படம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன், எங்கள் கொட்டகைச் சுவரில் எடுத்தது, தூக்கி விரித்த இறக்கை நன்றாகத் தெரியும். திருத்தம் போடும்போது கொசுப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.